வண்டியில ஒரு குறையுமில்லீங்க

வாங்க, வாங்க, உள்ள வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாமுங்க, இது ஷெட்டுதானே. கரூர்ல இருந்து வர்றப்பவே டெம்போவையும் புடிச்சுட்டு வந்துட்டீங்களா? பரவால்லீங்க, நல்ல நம்பிக்கை. உங்களுக்கு முன்னால மூணு பேரு வந்து பாத்தாங்க. மூணு பேருக்கும் நான் ஒண்ணு விடாமச் சொன்னேன், வண்டி பொறந்த கதையில இருந்து. கேட்டுட்டு, ‘யோசிச்சுச் சொல்றோமுங்க’ன்னு போனவங்கதான், இன்னும் யோசிச்சுட்டே இருக்கறாங்க. என்ற சம்சாரம் கோகிலவாணி என்னங்கறா, ‘நீங்க வாயைத் தொறக்காம இருந்திருந்தா முதல் ஆளே ஏத்திட்டுப் போயிருப்பாரு’ங்கறா. ஏனுங்க, விக்கறவன் பேசாம எப்படிங்க விக்கறது? இருபது வருஷமா இதே கோயமுத்தூர் கணபதியில கிரைண்டர் கடை வெச்சிருக்கறேன். வெள்ளியங்கிரி கிரைண்டர் கடைன்னா காந்திபுரத்துல எறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க. அத்தனையும் பேசித்தானுங்க வித்தேன்.

ஓட்டப் போறது இந்தப் புள்ளைங்களா? அட! பேரென்ன கண்ணு? இலக்கியாவா. காலேஜு ரெண்டாவது வருஷமா. சரி, சரி. நான் உங்களுக்குத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க. உங்களுக்கும் என்ற வயசுதானே இருக்கும், நாப்பத்தஞ்சு? இந்தா, வண்டி நம்பரைப் பாருங்க, அதுவும் நாப்பத்தஞ்சு. இந்த வருஷம் வயசையே நம்பராப் போட்டுட்டேன், மறக்காது பாருங்க.

நல்லா சுத்திப் பாரு அம்மணி, வெக்கப்படாத. நூத்தம்பது சிசி பைக்கு. ரோட்டு வண்டியா வாங்கி லைட்டு, ஹாரன், பின் சீட்டு அத்தனையும் கழட்டி எறிஞ்சுட்டு, உக்கடத்து மெக்கானிக் ஜலீல் பாய் ரேஸுக்குன்னே கட்டுனது. டயரைப் பாத்தீங்களா? நாலு ரேஸு பாத்த டயருங்க. நடுவுல மட்டும்தான் தேஞ்சிருக்கு. ரெண்டு ஓரமும் பாருங்க, கடையில இருந்து இப்பத்தான் எடுத்து வந்த மாதிரி, அந்தச் சின்னச் சின்ன ரப்பர் முடிகூட அப்படியே நிக்குது. அத்தனை பத்திரமா ஓட்டியிருக்கறேன். ஏங்கண்ணு சிரிக்கறே? என்னது, முக்குல வண்டியைச் சாச்சு ஓட்டுனா ஓரந்தான் முதல்ல தேயுமா? அது சின்னப் பசங்க ஓட்டற விதம் சாமி. நான் வேற மாதிரி ஓட்டுவேன்.

ஏன் விக்கறேன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான். நானா விக்கலீங்க, வாக்குக் குடுத்துட்டேன். கோகிலாகிட்ட.

பாருங்க, இதுக்கு முன்னால மூணு ரேஸு ஓட்டுனேன். முதல் ரேஸுல, ரேஸு ஆரம்பிக்கறதுக்கு முன்னால டயரு சூடாகறதுக்கு ஒரு சுத்து விடுவாங்க பாருங்க, அதுலயே விழுந்துட்டேன். எதிர் வெயிலு, கண்ணு கூசிருச்சு. ரெண்டாவது ரேஸுல பெட்ரோல் டேப்பைத் தொறக்காமயே கெளம்பிட்டேன், பாதி சுத்துல நின்னு போச்சு. அது ஜலீல் பாய் ஞாபகப்படுத்தியிருக்கோணுமுங்க. மூணாவது ரேஸுல முடிஞ்சு போச்சுன்னு நெனச்சு ஒரு சுத்து பாக்கி இருக்கறப்பவே உள்ள வந்துட்டேன். கொடி ஆட்டறவன் ஒழுங்கா ஆட்டலீங்க. ஆகமொத்தம் மூணு தடவையும் ரிசல்ட் ஷீட்டுல என்ற பேருக்கு நேரா நம்பரே கெடையாது, ‘முடிக்கவில்லை’ன்னு போட்டிருந்தாங்க.

கோகிலா தோத்ததுக்கு ஒண்ணும் சொல்லலீங்க, தப்பாச் சொல்லக் கூடாது. அவ சொன்னது என்னன்னா, ‘ஊட்டுக்கு வந்து வாரம் முச்சூடும் வெயிலு, கொடி, ஜலீல் பாய்ன்னு ஆளாளுக்குப் பழி போடறீங்க பாருங்க, அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. இந்தச் சித்திரையில ஒரு தடவை ஓட்டுங்க. கடைசியா வந்தாலும் சரி, பேருக்கு நேரா ஒரு நம்பர் இருக்கோணும். இருந்தா வண்டி ஷெட்டுல இருக்கட்டும், நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லைன்னா வித்துப் போடோணும்.’ நானும் சரின்னுட்டேன். ஒரு நம்பர்தானே, என்ன பெரிய கெரகம்னு நெனச்சேன்.

ஆனாலும் ஒரு தொணை வேணுமேன்னு வெள்ளிக்கெழமை பழனிக்குப் போனேன். எல்லாரும் என்ன பண்ணுவாங்க? ‘முருகா, காரியம் ஆகட்டும், வந்து மொட்டை போடறேன்’னு வேண்டிக்குவாங்க. நான் வியாபாரிங்க. மொட்டையை முதல்லயே போட்டுட்டா முருகனுக்கு ஒரு கட்டாயம் வந்துருமில்ல? வாங்கி வெச்சுட்டு செய்யாம இருக்க முடியாது பாருங்க. வழிச்சு எடுத்து, சந்தனத்தைக் கெட்டியாப் பூசிட்டு ஊட்டுக்கு வந்து நின்னேன். கோகிலா பாத்துட்டு, ‘சாமிகிட்டயே அட்வான்ஸ் குடுத்து ஆர்டர் எடுத்துட்டு வந்தீங்களா?’ன்னா. அவளுக்கு எப்பவுமே இந்த லொள்ளுதானுங்க.

சனிக்கெழமை குவாலிஃபையிங். அதாவது யாரு முன்வரிசையில நிக்கறது, யாரு பின்வரிசையில நிக்கறதுன்னு நேரம் பாத்து முடிவு பண்றது. வெயிலுன்னா அப்பேர்ப்பட்ட வெயிலு. தோல் சட்டை, தோல் பேன்ட், அதுக்கு மேல ஹெல்மெட்டு. ரெண்டாவது சுத்துல சந்தனம் எளக ஆரம்பிச்சுது. நெத்தியில வந்துச்சு, புருவத்துல வந்துச்சு, கண்ணுக்குள்ளயே எறங்கிருச்சு. எரியுதுங்க! மணக்கவும் செய்யுது, எரியவும் செய்யுது. தொடைக்கலாம்னா கண்ணாடி மூடியிருக்குது, கையில கனத்த கையுறை. இது போதாதுன்னு நேர் ரோட்டுல வெசையா வர்றப்ப ஹெல்மெட்டு சுத்துதுங்க. நான் நேராப் பாக்கறேன், ஹெல்மெட்டு பல்லடம் ரோட்டைப் பாக்குது. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. ஹெல்மெட்டு வாங்குனப்ப எனக்கு அடர்த்தியான முடிங்க. முடி போனதுல அளவே மாறிப் போச்சு. ஒரு கையில ஹெல்மெட்டைப் புடிச்சுட்டு ஒரு கையில வண்டியை ஓட்டிட்டு வந்து சேர்ந்தேன். பதினாலு பேருல பதினாலாவது எடம். அப்படி ஓட்டுனதுக்கு அது நல்ல எடமுங்க, நீங்களே சொல்லுங்க.

அங்க பாதுகாப்பு பாக்கற அதிகாரி ஒருத்தரு, கண்ணாடி போட்டவரு, வந்தாரு. ஹெல்மெட்டை ரெண்டு கையாலயும் புடிச்சுச் சுத்துனாரு. ஹெல்மெட்டு சுத்துது, உள்ள தலை சும்மா நிக்குது. ‘இதை வெச்சுட்டு நாளைக்கு ரேஸுல விட மாட்டேன் சார், தலைக்கு ஏத்த மாதிரி ஹெல்மெட் கொண்டு வாங்க’ன்னுட்டாரு. ரேஸுக்கு ஆகற ஹெல்மெட்டு ஒரே ராத்திரியில எங்கிட்டுங்க கெடைக்கும்? எனக்கு அழுகையே வந்துருச்சு. ஜலீல் பாய்தான், ‘சார், இருங்க, உள்ள துணி வெச்சுக் கட்டிக்கலாம்’னாரு. ரேஸுக்காரங்க ஹெல்மெட்டுக்குள்ள மெல்லிசா ஒரு துணி முகமூடி போட்டுக்குவாங்க, அதுக்கு அனுமதி உண்டு. ஆனா மெல்லிசு பத்தாதே, கனமா வேணுமே.

ஞாயித்துக்கெழமை வெள்ளென கோகிலா பீரோவுல இருந்து எடுத்துக் குடுத்தா பாருங்க, ஒரு மங்கி கேப்பு. ஊட்டிக்குப் போறப்ப வாங்குனது, காப்பிக் கலரு, உச்சியில ஒரு நூல்குண்டு. அந்தக் குண்டைக் கத்திரியில வெட்டி விட்டுட்டுப் போட்டுப் பாத்தேன். சிக்குனு புடிச்சுது. அதிகாரி மறுபடியும் வந்து சுத்துனாரு. ஹெல்மெட்டோட சேந்து நானே சுத்துனேன். ‘இப்ப சரி’ன்னு சீல் ஒட்டிக் குடுத்துட்டாரு. ஒரே ஒரு சங்கடம், காது ரெண்டும் கம்பளியில பொதஞ்சு போச்சு. ஜலீல் பாய் பக்கத்துல நின்னு கத்தறது பக்கத்து ஊர்ல கத்தற மாதிரி கேட்டுச்சு. சித்திரை வெயிலுல மங்கி கேப்பு போட்டுட்டு ரேஸுக்குப் போன ஆளு இந்தக் கோயமுத்தூர்லயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

எட்டு சுத்து ரேஸு. பச்சை விளக்கு விழுந்துச்சு, கெளம்பிட்டோம். நான் கடைசி வரிசை. முதல் முக்குல முன்னால போன ரெண்டு பசங்க ஒருத்தனுக்கொருத்தன் மோதிக் கீழ விழுந்தாங்க. எல்லாரும் அக்கட்ட இக்கட்ட ஒதுங்க, கெளம்புச்சு பாருங்க புழுதி, ஒண்ணுமே தெரியலை. நான் நெதானமா, ரொம்ப நெதானமா, அந்தப் புழுதியைத் தாண்டி அந்தப் பக்கம் வந்தேன். வந்து பாத்தா, ரோடு காலி. முன்னால ஒரு வண்டி இல்லை. ஒருத்தன் இல்லை!

அத்தனை பேரும் விழுந்துட்டாங்கன்னு நெனச்சேனுங்க. முருகன் வேலையைக் காட்டிட்டான்னு நெனச்சேன். பாவம், சின்னச் சின்னப் பசங்க, அடி பலமா இல்லாம இருக்கோணும்னு வேண்டிக்கவும் செஞ்சேன். ஆனா மனசு என்ன குதி குதிச்சுது தெரியுங்களா? நான்தான் முதல். நான், வெள்ளியங்கிரி, முதல்! எங்கப்பா இருந்திருந்தா பாத்திருப்பாரேன்னுகூட நெனச்சேன். அவருக்கு ரேஸுன்னாலே ஆகாது, அது வேற.

ரெண்டாவது சுத்துல ஜலீல் பாய் சுவத்தோரம் நின்னு ஒரு கரும்பலகையைத் தூக்கிக் காட்டுனாரு. ‘12’ன்னு எழுதியிருந்துச்சு. சரி, ரெண்டாவது ஆளுக்கும் எனக்கும் பன்னண்டு செகண்ட் இருக்குதாட்ட இருக்குதுன்னு எடுத்துக்கிட்டேன். மூணாவது சுத்துலயும் பன்னண்டு. நாலாவது சுத்துலயும் பன்னண்டு, அடியில ரெண்டு கோடு வேற. ஒரே சீரா ஓட்டிட்டிருக்கேடா வெள்ளியங்கிரின்னு நானே என்னை மெச்சிக்கிட்டேன். கோகிலா ஜனங்க உக்கார்ற மேடையில நின்னுட்டு ரெண்டு கையையும் ஓரமா ஓரமா ஆட்டுனா. நான் ஒரு கையைத் தூக்கி டாட்டா காட்டுனேன். மங்கி கேப்புக்குள்ள மைக்குல பேசறது ஒண்ணும் காதுல விழலை. அமைதியா, கோயிலுக்குள்ள போற மாதிரி போயிட்டிருந்தேனுங்க.

ஆறாவது சுத்துல ஹெல்மெட்டுக் கண்ணாடி ஓரத்துல ஒரு செவப்பு தெரிஞ்சுது. திரும்பிப் பாத்தா, இருபத்தேழாம் நம்பரு வண்டி. ஓகோ, ரெண்டாவது ஆளு வந்துட்டான், பன்னண்டு செகண்டையும் முழுங்கிட்டு வந்துட்டான்னு நெனச்சேன். விடுவனா? அவன் எடப்பக்கம் வந்தா நான் எடப்பக்கம், வலப்பக்கம் வந்தா நான் வலப்பக்கம். மார்ஷலு நீலக்கொடி ஆட்டுனாரு. நீலக்கொடின்னா எனக்குத் தெரியாதாக்கும்? பின்தங்கிப் போன ஆளுக்குக் காட்டற கொடி, முன்னால ஓடறவன் ஒரு சுத்து கூடுதலா முடிச்சுட்டு உன்ற பின்னால வந்துட்டான், வழி விடுன்னு அர்த்தம். பின்னால எவனோ பின்தங்குனவனுக்குக் காட்டறாங்கன்னு நான் கம்முனு போயிட்டேன். அடுத்த முக்குலயும் நீலக்கொடி. அதுக்கடுத்ததுலயும். அதுக்குள்ள அந்த இருபத்தேழுக்குப் பின்னால இன்னும் ரெண்டு பேரு வந்து ஒட்டிக்கிட்டாங்க. மூணு பேரையும் ஒண்டி ஆளா நிறுத்தி வெச்சிருந்தேனுங்க, ஒண்ணரை சுத்து! அப்புறம் கறுப்புக்கொடியும், பலகையில என்ற நம்பரும். உள்ள வான்னு அர்த்தம். வண்டியில எண்ணெய் கிண்ணெய் ஒழுகுதாட்ட இருக்குதுன்னு, கையில இருந்த வெற்றியை விட்டுட்டு உள்ள வந்தேன்.

அங்க என்ன சொல்றாங்கன்னா, அவங்க கணக்குப்படி நான் பன்னண்டாவதுங்களாம். விழுந்தது ரெண்டே பேராம். மீதி பதினொரு பேரும் எனக்கு முன்னாலதான் போயிட்டிருந்தாங்களாம், ரொம்பத் தூரம் போயிட்டதால எனக்குத் தெரியலையாம். மூணு எடத்துல நீலக்கொடிக்கு வழி விடாததால என்னை நீக்கிட்டாங்களாம். அந்த இருபத்தேழு, பாவம், ஜெயிக்க வேண்டியவன், என்னாலதான் மூணாவதாப் போயிட்டானாம். ரிசல்ட் ஷீட்டுல மறுபடியும் என்ற பேருக்கு நேரா நம்பர் இல்லை. சித்த ஒதுங்கி விட்டிருந்தேன்னா பன்னண்டுன்னு போட்டிருப்பாங்க. பன்னண்டும் ஒரு நம்பர்தானுங்களே? கோகிலாவும் அதைத்தான் கேட்டா. ஒரே ஒரு தடவை கேட்டா.

சுத்தி நின்னுட்டு அத்தனை பேரும் என்னையே பாக்கறாங்க. அதிகாரி, ‘ஏன் சார் வழி விடலை?’ங்கறாரு. நான் என்னத்தைச் சொல்ல? பிரேக் பிடிக்கலைன்னேன்.

ஆமாங்க, அன்னிக்கு பிரேக் சரியாப் பிடிக்கலை. அதனாலதான் வேகத்தைக் கொறைச்சு ஒதுங்க முடியலை.

ஐயையோ, இல்லீங்க, இல்லீங்க, மொகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. இப்பப் பிடிக்கும்! இப்ப ஜோராப் பிடிக்கும். சரி பண்ணியாச்சான்னா... இல்லீங்க, ஒண்ணும் பண்ணலை. அதுவாவே சரியாயிருச்சு. எப்படின்னா... அன்னிக்கு மட்டும் பிடிக்கலைங்க. அதுக்கு முந்துன நாள் பிடிச்சுது, மறுநாளும் பிடிச்சுது.

ஓ, கரூர் வரைக்கும் இந்தப் பேச்சு வந்துருச்சா? நாப்பத்தஞ்சாம் நம்பரு வண்டிக்கு பிரேக் ஆகாதுன்னா சொன்னாங்க? அட கெரகமே. அதனாலதான் வண்டி பாக்க வந்த அந்த மூணு பேரும்... சரி. ஜலீல் பாயும் அன்னிக்கே போயிட்டாருங்க. இருபத்தஞ்சு வருஷமா ரேஸு வண்டி கட்டற மனுசன். அத்தனை பேரு முன்னால நான் பிரேக் பிடிக்கலைன்னு சொன்னதும், ஸ்பேனரையெல்லாம் துணியில சுருட்டிக் கட்டுனாரு. என்ற காருல ஏறாம, ரோட்டுக்கு நடந்து போயி பஸ்ஸுல உக்கடம் போயிட்டாரு. மூணு மாசம் ஆச்சு. போன் அடிச்சா எடுக்கறதில்லை.

என்ன கண்ணு? சொல்லு.

‘அங்கிள், அடுத்த வாரம் ரேஸுல நான் இதைத்தான் ஓட்டப் போறேன். பிரேக் நெசமா பிடிக்குமா, பிடிக்காதா’வா?

ஏனுங்க, உங்க புள்ளை இப்படி நேருக்கு நேராப் பாத்துக் கேட்டா நான் என்ன பண்ணுவேன்?

பிடிக்கும் சாமி. வண்டி மேலயே உக்காந்து கேளு. நேர் ரோட்டு கடைசியில, முக்குக்கு முன்னால பலகை நட்டிருப்பாங்க பாத்திருக்கியா? எரநூறு, நூத்தம்பது, நூறுன்னு, முக்கு இன்னும் எத்தனை மீட்டருன்னு. அத்தனை பசங்களும் நூறுகிட்ட வந்துதான் பிரேக்கைத் தொடுவாங்க. நான் எரநூறுலயே தொட்டுருவேன். சில சமயம் எரநூறுப் பலகை கண்ணுக்குத் தெரிஞ்ச ஒடனேயே தொட்டுருவேன். ஒவ்வொரு சுத்துலயும் நெனப்பேன், இந்தத் தடவை நூத்தம்பது வரைக்கும் போயிறோணும்னு. கை கேக்காது. பயம். பயம்னு இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லீங்க. இந்த வண்டியில அதிகமா வேலை செஞ்சதே பிரேக்குதான் கண்ணு. அது மட்டும் சரியில்லைன்னா நான் முதல் நாளே செத்திருப்பேன். வண்டியில ஒரு குறையுமில்லை. ஜலீல் பாய் வேலையில ஒரு நூலளவு தப்பு கெடையாது. ஓட்டுனவன் நானு. அவ்வளவுதான்.

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். ரெண்டாவது நீலக்கொடியிலயே எனக்குப் புரிஞ்சு போச்சுங்க. அந்த மார்ஷலு கொடியை ஆட்டிட்டு, இன்னொரு கையில என்னையேதான் காட்டுனாரு. என்னைத் தவிர அங்க யாரைக் காட்டுவாரு? பலகையில போட்ட பன்னண்டும் அப்பத்தான் புரிஞ்சுது, கோகிலா எதுக்குக் கையை ஆட்டுனான்னும் புரிஞ்சுது. ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்குனா நம்பரு வரும், வண்டி மிஞ்சும், எல்லாம் தெரியும். ஆனா ஒதுங்கிட்டா நான் முதல் ஆளு இல்லைன்னு ஆயிருமே. அஞ்சு சுத்து நெசமாவே முதல் ஆளா ஓடிட்டு, ‘நீ கடைசிடா’ன்னு நானே எப்படிங்க எனக்குச் சொல்லிக்கறது? இன்னும் ஒரு முக்கு, இன்னும் ஒரே ஒரு முக்குன்னு போயிட்டே இருந்துட்டேன். அந்தப் பையன் இருபத்தேழுகிட்ட மன்னிப்புக்கூடக் கேக்கலை. மூணு மாசமா தூக்கமில்லீங்க எனக்கு.

வா, கோகிலா. எப்ப வந்தே? காப்பி ஆறுதா? ஆறட்டும். எல்லாத்தையும் கேட்டுட்டயா? கேட்டிருப்பே, நான்தான் தெரு முக்கு வரைக்கும் கேக்கற மாதிரிப் பேசறேனே. எதுக்கு இப்பக் கண்ணைத் தொடைக்கறே, வந்தவங்க முன்னால?

என்னது?

விக்க வேண்டாங்கறயா?

பாத்தீங்களா? நாலு ரேஸா இந்த ஒரு வார்த்தையைத்தான் எதிர்பாத்துட்டு இருந்தாளாம். ‘நான்தான், என்ற தப்புதான்’னு ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா நம்பரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு அன்னிக்கே விட்டிருப்பேங்கறா. இப்பச் சொல்லிட்டீங்களே, வண்டி இருக்கட்டுங்கறா. ஏனுங்க, இந்தப் பொம்பளைங்க இதை முன்னாலயே சொல்லக் கூடாதுங்களா?

இருங்க, இருங்க, எந்திரிக்காதீங்க. அம்மணி, நீ எதுக்கு வண்டியை விட்டு எறங்கறே? பரவால்ல அங்கிளா? என்ன பரவால்ல? மொகம் இத்துனூண்டா சுண்டிப் போச்சு, பரவால்லயாம்.

கோகிலா, சித்த இரு. நான் சொல்றதைக் கேளு. நீ சொன்னது எனக்கு நெம்பப் பெருசு. நெசமா. ஆனா இந்தப் புள்ளை வந்ததுல இருந்து பாத்துட்டிருக்கேன். நான் பேசுன பேச்சுல பாதியைக்கூட அது கேக்கலை. பிரேக் டிஸ்க்கைத் தடவிப் பாத்துச்சு, செயினை அமுத்திப் பாத்துச்சு, ஏறி உக்காந்ததும் ரெண்டு காலும் தானாப் போயி அதது எடத்துல உக்காந்துச்சு. இந்த வண்டி நாலு வருஷமா என்கிட்ட எரநூறுப் பலகையிலயே நின்னுட்டிருக்குது. ஜலீல் பாய் இதை அதுக்காகவா கட்டுனாரு? நூறைத் தாண்டிப் போயி பிரேக்கைத் தொடற ஒரு கை வேணும் இதுக்கு. என்ற கை அது இல்லை. இப்பச் சொல்லிட்டேன், இனி மாத்திச் சொல்ல மாட்டேன்.

எடுத்துக்கோ கண்ணு. அடுத்த வாரம் ஓட்டு. நாளைக்கு வெள்ளென நான் உக்கடம் போறேன். போன் எடுக்கலைன்னா என்ன, பட்டறை வாசல்ல போயி நிக்கறேன். பாய்கிட்ட உனக்குச் சொன்ன இதே வார்த்தையைச் சொல்றேன். அதுக்கப்புறம் ரெண்டு பேருமா ட்ராக்குக்கு வர்றோம். வண்டியைப் பத்தி என்ன சந்தேகம்னாலும் அவரைக் கேளு. ஓட்டறதைப் பத்தி மட்டும் என்னைக் கேக்காத.

அழலை கோகிலா. ஷெட்டுல தூசி. சரி, அழறேன், போ.

ஏனுங்க, டெம்போ கேட்டுக்கு அந்தப் பக்கம்தானே நிக்குது? தள்ளிட்டுப் போக வேண்டாமுங்க. ஒரே ஒரு ஆசை. கேட்டு வரைக்கும் நானே ஓட்டிட்டு வந்து ஏத்தி விட்டுர்றேன். நீங்க ரெண்டு பேரும் காப்பியை எடுத்துட்டு முன்னால போயி நின்னுக்குங்க. அவசரமில்லாமக் குடிங்க, நான் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும்.